டீம் லீடுங்களுக்கு மனநலப் பயிற்சி குடுக்கணுமா? ஸ்லைடைக் குறைச்சு வாயைத் திறக்க வைங்க

அக்டோபர் 10, உலக மனநல நாள் வந்தா நம்ம சென்னை ஓ.எம்.ஆர் ஐ.டி கம்பெனிங்க எல்லாத்துலயும் ஒரே காட்சிதான். ஒரு டாக்டர் வெபினார், ஒரு யோகா செஷன், பச்சை ரிப்பன் வச்ச மெயில், அதோட அடுத்த அக்டோபர் வரைக்கும் யாரும் அந்தப் பக்கம் போறதில்ல. இப்ப சில இடத்துல ஒரு படி மேல போய் "மேனேஜர்ஸுக்கு மென்டல் ஹெல்த் ட்ரெயினிங் குடுங்க"ன்னு எச்.ஆர் தலையில கட்டிடறாங்க, எச்.ஆரும் நெட்ல தேடி 60 ஸ்லைடு இறக்கி வச்சுக்கிட்டு முழிக்குது. அப்படி முழிச்சிட்டு இருக்கவங்களுக்குத்தான் இது. ஐ.டி, பி.பி.ஓ டீம் லீடுங்களை மனசுல வச்சு எழுதறேன், ஃபேக்டரி பத்தியும் நடுவுல ஒரு இடத்துல சொல்றேன்.

முதல்ல ஒண்ணு தெளிவா வச்சுக்கோங்க. மேனேஜரை குட்டி டாக்டராவோ கவுன்சிலராவோ ஆக்கறதுக்கு இந்தப் பயிற்சி இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பர்ல வேலையிட மனநலத்துக்குன்னே தனியா வழிகாட்டுதல் போட்டாங்க, மேனேஜர்களுக்கு பயிற்சி குடுக்கணும்னு அதுல அழுத்தமா பரிந்துரை பண்ணிருக்காங்க, கூடவே இந்தப் பயிற்சி முடிச்சவங்க சிகிச்சை குடுக்கறவங்க ஆகிட மாட்டாங்க, நோய் என்னன்னு கண்டுபிடிக்கறது அவங்க வேலை இல்லன்னும் சொல்லியிருக்காங்க. ஆக மேனேஜர் வேலை மூணே மூணு. ஆள்கிட்ட மாற்றம் தெரிஞ்சா கவனிக்கணும், உக்காந்து பேசணும், அப்புறம் தன் கையில இருக்கற வேலையை மாத்தி அமைக்கணும். மத்ததெல்லாம் வேற ஆளுங்க பாத்துப்பாங்க. நான் பாத்த வரைக்கும் முதல் ரெண்டைப் பத்தி எல்லாரும் பேசறாங்க, மூணாவதைத் தொடவே மாட்டேங்கறாங்க, ஏன்னா அதைத் தொட்டா டெலிவரி தேதி, ஷிஃப்ட் ரோஸ்டர், ஆள் எண்ணிக்கைன்னு எல்லாம் நோண்ட வேண்டி வரும். ஆனா ஒரு மேனேஜர்கிட்ட உண்மையிலயே அதிகாரம் இருக்கறது அந்த மூணாவதுல மட்டும்தான்.

மேனேஜர்களைக் கூப்பிடறதுக்கு முன்னாடி

பயிற்சி தேதி குறிக்கறதுக்கு முன்னாடி நீங்க முடிக்க வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கு. ஒரு லீட் நல்லா பேசி, அந்தப் பையனும் மனசைத் திறந்து "எனக்கு முடியல, யாரையாச்சும் பாக்கணும்"னு சொல்லிட்டான்னு வைங்க. அடுத்து எங்க அனுப்பறது? அதுக்கு பதில் இல்லாம பயிற்சி குடுக்கறது, பஸ்ஸே வராத ஊருக்கு பஸ் ஸ்டாண்ட் கட்டின மாதிரி.

கம்பெனியில இலவச கவுன்சிலிங் லைன் வச்சிருந்தா நீங்களே ஒரு தடவை ராத்திரி 11 மணிக்கு கால் பண்ணிப் பாருங்க. எடுக்கறாங்களா, தமிழ்ல பேச ஆள் இருக்கா, எடுத்த உடனே எம்ப்ளாயி ஐ.டி கேக்கறாங்களா. ஐ.டி கேட்டா பாதி பேர் அங்கயே வச்சிடுவாங்க. எதுக்கு கேக்கறாங்க, பேர் எச்.ஆருக்கு வருமா வராதான்னு அந்த ஏஜென்சிகிட்ட எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க, பயிற்சியில முதல் கேள்வியே அதுவாத்தான் இருக்கும். கம்பெனி லைன் இல்லன்னாலும் பரவால்ல, மத்திய அரசோட மனநல உதவி லைன் டெலி மானஸ் 14416 இருக்கு, 2022 அக்டோபர் 10ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயும் பேசலாம். தமிழ்நாட்டு அரசோட மருத்துவ உதவி லைன் 104 இருக்கு. சென்னையில தற்கொலைத் தடுப்புக்குன்னே 1986ல இருந்து ஸ்நேகாங்கற தொண்டு அமைப்பு இருக்கு. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில வெளிநோயாளியா போய்ப் பாக்கலாம், ஆனா அந்தப் பேரைச் சொன்னாலே நம்ம ஆளுங்க கிண்டல் பண்ணிப் பண்ணி வச்சிருக்காங்க, அதனால பக்கத்துல இருக்கற மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவு, ஆபீஸ்ல இருந்து போற தூரத்துல இருக்கற ரெண்டு மூணு கிளினிக், எல்லாத்தையும் சேத்து ஒரு பக்கத்துல எழுதி வைங்க.

இன்ஷூரன்ஸும் பாத்துடுங்க. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்துல உடம்பு நோய்க்கு எப்படி காப்பீடு குடுக்கறாங்களோ அதே அடிப்படையில மனநோய்க்கும் குடுக்கணும்னு இருக்கு. ஆனா நிறைய கம்பெனி குரூப் பாலிசி ஆஸ்பத்திரியில அட்மிஷன் ஆனாத்தான் பணம் தரும், டாக்டரைப் பாத்து மாத்திரை வாங்கற செலவு கையில இருந்துதான் போகும். உங்க பாலிசி எப்படின்னு படிச்சு ரெண்டு வரியில எழுதி வைங்க. லீட் அரைகுறையா "எல்லாம் இன்ஷூரன்ஸ்ல வரும்ப்பா"ன்னு அடிச்சு விட்டு அப்புறம் வரலன்னா நம்பிக்கை அத்தோட போச்சு.

இன்னொண்ணு, இதான் முக்கியம். டெலிவரி ஹெட்டோ வி.பி.யோ, லீடுங்களுக்கு மேல யார் இருக்காங்களோ, அவங்க முதல் பேட்ச்ல கடைசி வரைக்கும் உக்காரணும். அஞ்சு நிமிஷம் வந்து "மக்கள்தான் நம்ம சொத்து"ன்னு பேசிட்டு அடுத்த கால் இருக்குன்னு கிளம்பறது இல்ல. ஏன்னா லீட் நல்ல மனசோட ஒருத்தருக்கு ரெண்டு வாரம் வேலையைக் குறைச்சா, மேல இருக்கறவர் திங்கக்கிழமை ரிவ்யூல "ஏன் யூட்டிலைசேஷன் (ஆளுங்க வேலையில இருக்கற நேரக் கணக்கு) இறங்கிருக்கு"ன்னு கேட்டா முடிஞ்சது கதை, அடுத்த ஆளுக்கு அந்த லீட் எதுவும் பண்ண மாட்டார்.

எவ்வளவு நேரம், எத்தனை பேர்

"ஒரு மணி நேரத்துல முடிச்சிடுங்களேன்"னு கேப்பாங்க. ஒத்துக்காதீங்க. அரை நாள் வேணும். இதுக்கு கையில வச்சுக்க நல்ல சான்று ஒண்ணு இருக்கு. ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ் தீயணைப்புத் துறையில 128 மேனேஜர்களை ரெண்டு குழுவாப் பிரிச்சு ஒரு குழுவுக்கு மட்டும் 4 மணி நேரம் நேர்ல பயிற்சி குடுத்தாங்க, 6 மாசம் கழிச்சுப் பாத்தப்ப பயிற்சி எடுத்தவங்களுக்குக் கீழ வேலை பாக்கறவங்க வேலை காரணமா எடுக்கற நோய் விடுப்பு குறைஞ்சிருந்தது, போட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் கிட்டத்தட்ட 10 பவுண்டு திரும்ப வந்ததா கணக்குப் போட்டாங்க. 2017ல லான்செட் சைக்கியாட்ரிங்கற மருத்துவ இதழ்ல வந்தது. ஃபைனான்ஸ் ஆளுங்களுக்கு இந்தக் கணக்கு, மத்தவங்களுக்கு 4 மணி நேரம்தான்ங்கறது. நெருப்போட மல்லுக்கட்டறவங்களே அரை நாள் ஒதுக்கினாங்க, நம்ம ஸ்ப்ரிண்ட்டுக்கு நடுவுல ஒதுக்க முடியாதா என்ன.

ஒரு பேட்ச்ல 12லிருந்து 15 பேர். அதுக்கு மேல போனா பின் வரிசை லேப்டாப் திறந்துடும். ஒரே ரிப்போர்ட்டிங் சங்கிலியில இருக்கறவங்களை ஒரே பேட்ச்ல போடாதீங்க, தன் மேனேஜர் எதிர்ல உக்காந்திருக்கும்போது யாரும் உண்மை பேச மாட்டாங்க (மேல சொன்ன வி.பி.யையும் அதனாலதான் வேற டிபார்ட்மென்ட் லீடுங்களோட உக்கார வைங்க). தமிழ்ல நடத்துங்க. டீம்ல வேற மாநில ஆளுங்க இருந்தா அந்த பேட்ச்சை மட்டும் இங்கிலீஷ்ல வைங்க. இங்கிலீஷ்ல நடத்தினா எல்லாரும் பரீட்சைக்குப் பதில் சொல்ற மாதிரி அழகா பேசுவாங்க, ரோல் ப்ளேன்னு வந்ததும் கப்சிப்.

ஆரம்பத்துலயே ஒரு விஷயம் சொல்லிடுங்க. இந்த ரூம்லயே யாராச்சும் வீட்ல ஒருத்தரை இழந்தவங்க இருக்கலாம், தானே மாத்திரை சாப்பிடறவங்க இருக்கலாம், யாருக்கு எப்ப வெளிய போகணும்னு தோணினாலும் காரணம் சொல்லாம எழுந்து போகலாம்னு. முடிஞ்சா ஒரு கவுன்சிலரை அன்னைக்கு பக்கத்து ரூம்ல உக்கார வைங்க.

கவனிக்கறது

இங்க அறிகுறி லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ண வைக்காதீங்க. லிஸ்ட் கையில வந்தா மறுநாளே டீம்ல அஞ்சு பேருக்கு டிப்ரெஷன்னு லீட் முடிவு கட்டிடுவார். ஒரே ஒரு விதி போதும், அந்த ஆள் வழக்கமா எப்படியோ அதுல இருந்து மாறியிருக்காங்களா, அந்த மாற்றம் ரெண்டு வாரமா நீடிக்குதா. வழக்கமா அமைதியா இருக்கறவர் அமைதியா இருந்தா ஒண்ணும் இல்ல. கேன்டீன்ல கூட்டத்தைக் கூட்டி வச்சு சிரிக்க வைக்கற ஆள் தனியா டிஃபன் பாக்ஸை எடுத்துட்டு ஒதுங்கினா, அதுவும் தினமும்னா, அதான் கவனிக்க வேண்டியது.

இதுக்கு ஒரு பயிற்சி நல்லா வேலை செய்யும். ஒவ்வொரு லீடுக்கும் ஒரு தாள் குடுத்து தன் டீம்ல இருக்கற எல்லார் பேரையும் எழுதச் சொல்லுங்க, ஒவ்வொரு பேருக்கு எதிர்லயும் "இவங்க வழக்கமா எப்படி"ன்னு ஒரு வரி. எத்தனை மணிக்கு வருவாங்க, ஸ்டாண்ட்அப்ல, அதான் காலையில நடக்கற குட்டி டீம் மீட்டிங்ல, எவ்வளவு பேசுவாங்க, யாரோட டீக்கு போவாங்க, கோபம் வந்தா எப்படிக் காட்டுவாங்க. பேனா சரசரன்னு ஓடும், ரெண்டு மூணு பேர்கிட்ட வந்ததும் நின்னுடும். எழுத ஒண்ணுமே இருக்காது. பெரும்பாலும் ஒழுங்கா வேலையை முடிச்சிட்டு சத்தமில்லாம வீட்டுக்குப் போற ஆளாத்தான் இருப்பாங்க. அந்த ரெண்டு மூணு பேரோட அடுத்த வாரம் ஒரு டீ குடிங்கன்னு சொல்லுங்க, அதுக்கு மேல விளக்கம் தேவையில்ல. தாளை நீங்க வாங்கி வைக்காதீங்க, அவங்களே கிழிச்சுப் போட்டுடட்டும்.

எங்க பாக்கணும்னு கேப்பாங்க. நம்ம ஊர்ல முக்கால்வாசி பேர் மனசு சரியில்லன்னு நேராச் சொல்ல மாட்டாங்க, உடம்பு வழியாத்தான் வரும். தலைவலி, கேஸ், வயித்து வலி, "நைட்டு தூக்கமே வரல", "நெஞ்சு படபடங்குது, இ.சி.ஜி எடுத்தேன் நார்மல்ங்கறாங்க". திங்கக்கிழமை திங்கக்கிழமை லீவு. காலையில 3 மணிக்கு மெயில். பத்து மணி நேரம் சீட்ல இருந்தும் வேலை நகரல. சின்ன ரிவ்யூ கமென்ட்டுக்கு சுள்ளுன்னு விழறது. இதுல எதுவும் தனியா எதையும் நிரூபிக்காது, பேசறதுக்கு ஒரு காரணம், அவ்வளவுதான்.

கவனிக்கறேன்னு வேவு பாக்கற வேலை வேணாம்னும் அழுத்திச் சொல்லுங்க. வாட்ஸ்அப் லாஸ்ட் சீன் பாக்கறது, இன்ஸ்டா ஸ்டோரி பாத்துட்டு வந்து கேக்கறது, பக்கத்து சீட் பொண்ணுகிட்ட "அவளுக்கு என்ன பிரச்சனை"ன்னு விசாரிக்கறது எல்லாம் கூடவே கூடாது. பெண்கள்னா எடுத்த உடனே "வீட்ல பிரச்சனையா, மாமியாரா"ன்னு போற வழக்கமும் நிறுத்தணும். பாதி நேரம் பிரச்சனை அந்த லீட் போட்ட ரோஸ்டர்லதான் இருக்கும்.

பேசறது: இதுக்குத்தான் பாதி நேரம்

நாலு மணி நேரத்துல ரெண்டு மணி நேரம் இங்க போகணும். மூணு மூணு பேராப் பிரிங்க. ஒருத்தர் லீட், ஒருத்தர் ஊழியர், ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பாக்கறவர். முதல்ல எந்த அறிவுரையும் குடுக்காம அவங்க வழக்கமா பேசற மாதிரியே பேச விடுங்க. பெரும்பாலும் இப்படித்தான் ஓடும்:

"என்னப்பா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"
"ஒண்ணும் இல்ல சார்."
"ஏதோ இருக்கு. லவ் மேட்டரா?"
"இல்ல சார், கொஞ்சம் தூக்கம் இல்ல."
"எல்லாருக்கும் இருக்கறதுதான்ப்பா. நான்லாம் உன் வயசுல மூணு நாள் தூங்காம ரிலீஸ் பண்ணிருக்கேன். போனைத் தள்ளி வச்சுட்டு படு, சரியாயிடும். ஆமா அந்த டிக்கெட் என்னாச்சு?"

ரூமே சிரிக்கும், ஏன்னா எல்லாரும் எங்கயோ கேட்டதுதான். பாத்துட்டு இருந்தவரை "லீட் எத்தனை செகண்ட் பேசினார், அந்தப் பையன் எத்தனை செகண்ட்"னு மட்டும் சொல்லச் சொல்லுங்க. வேற விமர்சனமே வேணாம். அப்புறம் ரெண்டாவது ரவுண்டு, இந்த முறை மூணு விதி குடுங்க. கண்ணால பாத்ததைச் சொல்லுங்க, நீங்களா ஊகிச்சதைச் சொல்லாதீங்க. ஒரு கேள்வி கேட்டா பதில் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. தீர்வு சொல்றதுக்கு முன்னாடி "என்ன பண்ணா உதவியா இருக்கும்"னு கேளுங்க.

"கார்த்தி, பத்து நிமிஷம் இருக்கா? வேலை ஸ்டேட்டஸ் கேக்க இல்ல. ரெண்டு வாரமா பாக்கறேன், நீங்க ஸ்டாண்ட்அப்ல பேசறதே இல்ல, நேத்து மெயில் 3 மணிக்கு வந்திருந்தது. எப்படி இருக்கீங்க?"
"இல்ல சார், ஓகேதான்."
(இங்கதான் வாயை மூடணும். நீளமா இருக்கும், சங்கடமா இருக்கும், இருக்கட்டும்.)
"…தூக்கம் வரல சார். படுத்தா எல்லாம் ஓடுது. காலையில எழுந்து வரவே முடியல."
"எவ்வளவு நாளா இப்படி?"
"ரிலீஸ் முடிஞ்சதுல இருந்து."
"சொன்னது நல்லதாப் போச்சு. இப்ப வேலையில எது ரொம்ப அழுத்துது?"

அந்தக் கடைசிக் கேள்வியைப் பாருங்க. வீட்டுக்குள்ள நுழையல, காதலுக்குள்ள நுழையல, நோய்ப் பேர் வைக்கல. லீடுக்கு உரிமை இருக்கற இடத்துல நின்னு கேக்குது. அவரா வீட்டு விஷயம் சொன்னா காது குடுத்துக் கேக்கலாம், தோண்டக் கூடாது.

மரியாதை விஷயத்துல ஒண்ணு. நீ வான்னு பழகின டீம்ல இன்னைக்கு திடீர்னு "நீங்க எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டா அந்த ஆள் பி.ஐ.பி (வேலை சரியில்ல, இத்தனை நாள்ல திருத்திக்கோன்னு குடுக்கற லெட்டர்) போடப் போறாங்கன்னு பயந்துடுவார். ப்ரோன்னு கூப்பிடறவங்க ப்ரோன்னே கூப்பிடட்டும். இடமும் அப்படித்தான், ஃப்ளோருக்கு நடுவுல இருக்கற கண்ணாடி ரூம்ல கூட்டிட்டுப் போனா அஞ்சு நிமிஷத்துல "அவனைத் தூக்கறாங்களாம்"னு செய்தி பரவிடும். கீழ டீக்கடை வரைக்கும் ஒரு நடை போறது எவ்வளவோ மேல், பக்கத்து பக்கத்துல நடக்கும்போது முகம் பாக்காம பேசலாம், சில பேருக்கு அதுதான் சௌகரியம்.

சொல்லக்கூடாததை அவங்க வாயாலயே சொல்ல வச்சு போர்டுல எழுதுங்க. "கல்யாணம் பண்ணா சரியாயிடும்", "உனக்கு என்ன குறை, சம்பளம் இல்லையா", "ஜிம் போ", "பாசிட்டிவா இரு", "கோயிலுக்குப் போயிட்டு வா". இந்த கடைசி ஒண்ணுக்கு எப்பவும் யாராச்சும் சண்டைக்கு வருவாங்க, கோயிலுக்குப் போனா நிம்மதிதானேன்னு. வாஸ்தவம்தான். அவரா "வாரா வாரம் கோயிலுக்குப் போவேன், இப்ப அதுக்கும் போகத் தோணல"ன்னு சொன்னா அது பெரிய தகவல், கேட்டுக்கணும். நாமளா மருந்துச் சீட்டு எழுதற மாதிரி நீட்டறதுதான் வேணாம்ங்கறது.

"ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிட்டா? விட்டுடுங்க. "சரி, நல்லது. எப்ப தோணினாலும் சொல்லுங்க, அடுத்த வாரம் நான் திரும்ப ஒரு தடவை கேப்பேன்"னு சொல்லிட்டு அடுத்த வாரம் கேக்கணும். முதல் தடவையே யாரும் கொட்ட மாட்டாங்க, ரெண்டாவது தடவை கேக்கறப்பதான் இவர் சும்மா கேக்கலன்னு தெரியும்.

ரகசியம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியம்"னு வாக்கு குடுக்காதீங்க, காப்பாத்த முடியாம போகலாம். "உங்களைக் கேக்காம யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், உங்க உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா மட்டும் உதவிக்கு ஆள் கூப்பிடுவேன், அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான்." இதை ஒவ்வொருத்தரையும் வாய்விட்டுச் சொல்ல வைங்க, மனசுக்குள்ள படிச்சா நேரத்துக்கு வராது. அப்புறம் டீம் கேக்கும், "ஏன் அவர் லீவு, என்னாச்சு?" பதில்: "லீவுல இருக்கார், வர்ற வரைக்கும் வேலையை இப்படிப் பிரிச்சிருக்கோம்." இதோட நிக்கணும். "அவருக்கு கொஞ்சம்… தெரியுமில்ல"ன்னு கையைத் தலைகிட்ட சுத்திக் காட்டற லீடை நான் பாத்திருக்கேன், அந்த ஆள் திரும்ப வந்து ஒரு மாசம் கூட அந்த டீம்ல இருக்கல.

உயிர் விஷயம்

இதை ஒதுக்காதீங்க, வேகமாவும் தாண்டாதீங்க. "நான் இல்லன்னா எல்லாருக்கும் நல்லது", "எல்லாத்தையும் முடிச்சுக்கலாம்னு இருக்கு", திடீர்னு பாஸ்வேர்ட் எல்லாம் எழுதிக் குடுக்கறது, பொருளை எல்லாம் பிரிச்சுக் குடுக்கறது, இந்த மாதிரி ஏதாச்சும் காதுல விழுந்தா கண்ணுல பட்டா நேரா கேக்கணும்: "சாகணும்னு தோணுதா?" கேட்டா இல்லாத எண்ணத்தை நாம விதைச்சுடுவோம்னு பயப்படுவாங்க. அப்படி இல்ல, கேக்கறதால ஆபத்து அதிகமாகாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, நிறைய பேருக்கு ஒருத்தர் கேட்டுட்டாரேன்னு பெருமூச்சுதான் வரும்.

ஆமான்னு பதில் வந்தா தனியா விடாதீங்க. அவர் நம்பற ஒருத்தரை, அக்காவோ ரூம்மேட்டோ, அவர்கிட்ட கேட்டே வரவழைங்க. 14416க்கு கூடவே உக்காந்து போன் போடுங்க. உடனடி ஆபத்துன்னா 108, இல்ல பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. கேபில தனியா ஏத்தி வீட்டுக்கு அனுப்பறது கூடாது. போலீஸ் கேஸ் ஆயிடுமேன்னு மேனேஜருங்க மறைக்கப் பாப்பாங்க, அதனால சட்டத்தையும் சொல்லிடுங்க: 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தோட 115வது பிரிவுப்படி தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்க, வேற மாதிரி நிரூபணம் ஆகாத வரைக்கும், கடுமையான மன அழுத்தத்துல இருந்ததாத்தான் கருதணும், அவங்களைத் தண்டிக்கக் கூடாது, அவங்களுக்கு சிகிச்சையும் பராமரிப்பும் குடுக்கறது அரசோட கடமை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கின பழைய ஐ.பி.சி 309வது பிரிவு, 2024 ஜூலை 1ல வந்த புது குற்றவியல் சட்டத்துல அப்படியே தொடரவும் இல்ல.

இந்தப் பகுதிக்கு ரோல் ப்ளே பண்ணும்போது ஊழியர் வேஷத்தை பயிற்சி குடுக்கற நீங்களே போடுங்க. வந்தவங்களை போட வைக்காதீங்க. யார் உள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது.

வேலையை மாத்தறது

இங்கதான் பயிற்சி நிஜமா ஆரம்பிக்குது. பிரிட்டன்ல எச்.எஸ்.இ.ன்னு தொழில் பாதுகாப்பு அமைப்பு வேலை அழுத்தத்தை ஆறு விஷயமாப் பிரிச்சு வச்சிருக்காங்க: வேலைப் பளு, தன் வேலை மேல தனக்கு இருக்கற பிடி, கிடைக்கற ஆதரவு, கூட இருக்கறவங்களோட உறவு, என் பொறுப்பு எதுன்ற தெளிவு, மாற்றம் வரும்போது அதைச் சொல்ற விதம். இந்த ஆறை போர்டுல எழுதிட்டு ஒவ்வொரு லீடும் தன் டீம்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிஜ உதாரணம் எழுதணும்னு சொல்லுங்க. வரும் பாருங்க.

காலையில 9.30 ஸ்டாண்ட்அப், அதே ஆளுக்கு ராத்திரி 9 மணிக்கு கிளையண்ட் கால், நடுவுல பெருங்களத்தூர்ல இருந்து சிறுசேரிக்கு போய்ட்டு வர்ற பயணம். அடுத்த வார ரோஸ்டர் ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் வருது, அதுவரைக்கும் வீட்ல எந்த விசேஷத்துக்கும் வர்றேன்னு சொல்ல முடியாது. நைட் ஷிஃப்ட் முடிச்ச ஆளுக்கு ஒரே நாள் இடைவெளி விட்டு மார்னிங் ஷிஃப்ட். போன்ல பேசற வாய்ஸ் ப்ராசஸ்ல கஸ்டமர் கெட்ட வார்த்தையில திட்டி வச்சதும் மூச்சு விட முன்னாடி அடுத்த கால் வந்து விழுது, ஏன்னா ஒரு காலுக்கு ஆகற நேரம், ஹேண்ட்லிங் டைம், ஏறக்கூடாது. லீடே ராத்திரி 11.40க்கு "அவசரம் இல்ல, நாளைக்குப் பாத்தா போதும்"னு மெசேஜ் போடறார், எந்த ஜூனியரும் அதை நாளைக்குப் பாக்கறதில்ல. ஒரே வேலைக்கு இங்க ஒரு லீட், அங்க கிளையண்ட் பக்கம் ஒரு லீட், ரெண்டு பேரும் வேற வேற சொல்றாங்க.

இதுல பாதியை சரி பண்ண டாக்டரும் வேணாம் பட்ஜெட்டும் வேணாம். ரோஸ்டரை வியாழக்கிழமையே போடலாம். திட்டு வாங்கின காலுக்கு அப்புறம் பத்து நிமிஷம் ஹெட்செட்டைக் கழட்டி வைக்க விடலாம். மெசேஜை காலையில போற மாதிரி ஷெட்யூல் பண்ணலாம். ராத்திரி கால் இருக்கற ஆளுக்கு காலை ஸ்டாண்ட்அப் வேணாம்னு சொல்லலாம்.

அதனால கம்பெனி சார்பா ஒரு பக்கம் எழுதிக் குடுங்கன்னு நான் எங்க போனாலும் பிடிவாதம் பிடிப்பேன். தலைப்பு: "இதையெல்லாம் டீம் லீட் யாரையும் கேக்காம பண்ணலாம்." ரெண்டு வாரம் வரைக்கும் ஷிஃப்ட் மாத்திக் குடுக்கறது, வாரத்துல இத்தனை நாள் வீட்ல இருந்து வேலை, கிளையண்ட் காலுக்கு வேற ஆளை அனுப்பறது, டாக்டரைப் பாக்க சீட்டு கேக்காம அரை நாள், எந்த வேலையை முதல்ல முடிக்கணும் எதைத் தள்ளலாம்னு வரிசை மாத்தறது. வி.பி. கையெழுத்து இருக்கணும். இந்தப் பக்கம் இல்லாத பயிற்சியில லீட் கத்துக்கறதெல்லாம் நல்லா தலையாட்டிக் கேக்கறது மட்டும்தான். கேட்டுட்டு ஒண்ணும் மாத்தலன்னா அந்த ஆளுக்கு கேக்காமலே இருந்திருக்கலாம்னு ஆயிடும்.

எதிர்ப்பக்கமும் ஒரு ஆபத்து இருக்கு. இரக்கப்பட்டு எல்லா வேலையையும் புடுங்கிடறது. நல்ல மாட்யூலைப் பார்த்துட்டு இருந்த பொண்ணை "ரெஸ்ட் எடும்மா"ன்னு டாகுமென்டேஷன்ல போட்டா, அவங்களுக்கு அது தண்டனையாத்தான் படும், அப்ரைசல்லயும் அடி விழும். எதைக் குறைக்கலாம் எதை வச்சுக்கலாம்னு அவங்களையே கேளுங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பாருங்க.

நீண்ட லீவு முடிஞ்சு வர்றவங்களுக்கும் இதே கதைதான். முதல் நாள் 1,400 மெயில் இருக்கற இன்பாக்ஸ்ல தள்ளி விடாதீங்க. சில மாத்திரைங்க காலையில தூக்கக் கலக்கமா வைக்கும், ஒரு மணி நேரம் தாமதமா ஆரம்பிக்க விட்டா போதும், என்ன மாத்திரைன்னு கேக்க வேண்டியதில்ல. பைபோலார் (மனநிலை ரொம்ப மேலயும் கீழயும் போற நோய்) மாதிரி நிலையில தூக்கம் கெட்டா திரும்ப நோய் தூண்டப்படலாம், அதனால டாக்டர் நைட் ஷிஃப்ட் வேணாம்னு எழுதிக் குடுத்தா அது சலுகை கேக்கறது இல்ல, பேரம் பேசாதீங்க.

பி.ஐ.பி பத்தி ஒரு வார்த்தை. நல்லா வேலை பாத்துட்டு இருந்த ஆள் திடீர்னு சரிஞ்சா பி.ஐ.பி லெட்டர் அடிக்கறதுக்கு முன்னாடி மேல சொன்ன உரையாடல் நடந்ததான்னு எச்.ஆர் கேக்கணும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கற 21 வகையில மனநோயும் ஒண்ணு, தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வச்சிருக்கணும். மனநோய் இருந்த சி.ஆர்.பி.எஃப் அதிகாரி ஒருத்தர் மேல எடுத்த ஒழுங்கு நடவடிக்கை வழக்குல 2021 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம், மனநலக் குறைபாடு அந்த நடத்தைக்கு ஒரு காரணமா இருந்தாலே இப்படி நடவடிக்கை எடுக்கறது பாகுபாடுன்னு சொல்லிருக்கு. லீகல் டீம்ல இருந்து ஒருத்தரை பதினஞ்சு நிமிஷம் வந்து இதைச் சொல்லச் சொல்லுங்க, போதும்.

ஃபேக்டரி ஆளுங்களுக்கு

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், திருப்பூர் பக்கம் லைன் சூப்பர்வைசர்களுக்கு நாலு மணி நேரம் ஒரே மூச்சா குடுக்க முடியாது, லைன் நின்னுடும். ஷிஃப்ட் மாறும்போது 40 நிமிஷமா உடைச்சு ஆறு வாரம் குடுங்க. ப்ரொஜெக்டர் வேணாம், நின்னுட்டே பேசற ரோல் ப்ளே போதும். அங்க கேள்விங்களும் வேற: ஹாஸ்டல்ல தங்கியிருக்கற பொண்ணு அழுதுட்டே இருக்கா, குடிச்சிட்டு வர்ற ஆபரேட்டரை மெஷின்ல நிறுத்தலாமா (கூடாது, முதல்ல மெஷின்ல இருந்து எடுங்க, பேச்சு அப்புறம்), ஒடிசால இருந்து வந்த பையனுக்கு யார் பேசறது. கடைசி கேள்விக்கு, டெலி மானஸ் 20 மொழியில இருக்கு, அந்த நம்பரை ஹிந்தியிலயும் ஒடியாவுலயும் எழுதி கழிப்பறை கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. நோட்டீஸ் போர்டு முன்னாடி நின்னு அந்த நம்பரை யாரும் குறிச்சுக்க மாட்டாங்க.

முடிஞ்ச அப்புறம்

செஷன் எப்படி இருந்ததுன்னு அஞ்சு ஸ்டார் வாங்கறது வேஸ்ட், சாப்பாடு நல்லா இருந்தா அஞ்சு ஸ்டார் வந்துடும். பயிற்சிக்கு முன்னாடியும் மூணு மாசம் கழிச்சும் ஒரே கேள்வியைக் கேளுங்க: "உங்க டீம்ல ஒருத்தர் சரியில்லன்னு தோணினா போய்ப் பேச உங்களால முடியுமா, கடைசியா எப்ப பேசினீங்க?" பேர் கேக்காதீங்க. டீம்வாரியா நோய் விடுப்பு, ராஜினாமா, ராத்திரி நேர லாக்-இன் இதைப் பாருங்க. கவுன்சிலிங் லைனுக்கு கால் கூடினா பதறாதீங்க, ஆரம்பத்துல கூடறது நல்லதுதான். அஞ்சு பேர் டீம்ல அனானிமஸ் சர்வே எடுத்துட்டு அந்த லீடுக்கே ரிசல்ட்டைக் குடுக்காதீங்க, யார் எழுதினதுன்னு எழுத்து நடையைப் பாத்தே சொல்லிடுவார். முக்கியமா, "மாசம் நாலு மனநல உரையாடல்"னு கே.பி.ஐ (எண்ணிக்கை இலக்கு) வச்சுடாதீங்க. வச்சா மாசக் கடைசி 30ஆம் தேதி நாலு பேரைப் புடிச்சு "எப்படி இருக்க? ஓகேவா? ஓகே"ன்னு கணக்கு எழுதிடுவாங்க.

லீடுங்களோட மனசையும் யாரும் கேக்கறதில்ல, மேல இருந்து டெட்லைன் கீழ இருந்து லீவு லெட்டர்னு நடுவுல நசுங்கறது அவங்கதான். மாசம் ஒரு மணி நேரம் லீடுங்க மட்டும் உக்காந்து, ஆள் பேர் சொல்லாம "இப்படி ஒண்ணு வந்தது, நான் இப்படிப் பண்ணேன்"னு பேசற மாதிரி வைங்க. எச்.ஆர் ஹெட் அதுல வரக்கூடாது. மொத்தப் பயிற்சியை விட இந்த ஒரு மணி நேரத்துல நிறைய கத்துப்பாங்க.

அப்புறம் ஏப்ரல் புரமோஷன் லிஸ்ட் வர்ற வாரமே புது லீடுங்களுக்கு அடுத்த பேட்ச் தேதியை கேலண்டர்ல போட்டுடுங்க. வழக்கம்போல அக்டோபர்ல பாத்துக்கலாம்னு தள்ளினீங்கன்னா, அதுக்குள்ள அவங்க மிட் இயர் ரேட்டிங்கே போட்டு முடிச்சிருப்பாங்க.